அங்கே வாண்டைப் பார்த்தாயா?

மார்ச் 4

என் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நேற்று உன் வீட்டுக்காரி போனில் சொன்னதிலிருந்து தையல் மிஷின் பக்கமே போகவில்லை. லிப்ட் மோட்டாரைப் பழுது பார்க்கும்போது மின்சாரம் தூக்கி எறிந்ததாமே! மூச்சும் இல்லை, நாடியும் இல்லை, ஆள் முடிந்துபோனான் என்று எல்லாரும் கைவிட்ட பிறகும் உன்னோடு வேலை பார்க்கும் வெல்டர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாராமே. விலா எலும்பு உடைந்ததாம். உடைந்தால் உடையட்டும். எமனுக்கே டிமிக்கி கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய், எலும்பு என்ன பெரிய எலும்பு!

உன் மச்சான் பஸ் டூட்டி முடித்து வந்ததும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் முழுக்கக் கேட்டார். பிறகு, "உன் தம்பி கெட்டி ஆளு. மேல போயும் அங்க லிப்ட் சரியில்லைன்னு திரும்பி வந்துட்டான் பாரு" என்றார். சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ போய்விட்டு வந்த இடத்தில் வாண்டைப் பார்த்தாயா? என் மகள் ஒன்பது வயதில் காய்ச்சலில் போனாள். அப்படியேதான் இருக்கிறாளா, இல்லை வளர்ந்துவிட்டாளா? மாமா என்று ஓடி வந்தாளா? என்னைப் பற்றிக் கேட்டாளா?

மறைக்காமல் எழுது. தினமும் தபால்காரரின் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

உன் அக்கா


மார்ச் 13

அக்கா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். விரல்களில் இன்னும் உணர்வு முழுதாக வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று நான் விழிப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரி சொன்னாள்: "பாத்தேன், சிரிச்சா, அம்மாவக் கேட்டான்னு ஒரு வரி எழுதுங்க. கை தேஞ்சா போயிடும்?" எழுத உட்கார்ந்தேன். உன் கேள்விக்குப் பொய் எழுத என்னால் முடியவில்லை.

அக்கா, அங்கே எதுவும் இல்லை. இருட்டு என்றுகூடச் சொல்ல மாட்டேன். இருட்டைப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டுமே. கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. அடுத்து வெல்டரின் வியர்வை என் முகத்தில் சொட்டியது. நடுவில் நானே இல்லை.

எனக்கும் அதிர்ச்சி தெளியவில்லை. காலையில் பல் துலக்கும்போது, இதெல்லாம் எதற்கு என்று கை நின்றுவிடுகிறது. இதை யாரிடம் சொல்வேன்? சின்ன வயதிலிருந்து பயந்தால் உன்னிடம்தான் ஓடி வருவேன்.

உன் தம்பி


மார்ச் 19

உன்னிடம் போய்க் கேட்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செத்துப் பிழைத்த மயக்கத்தில் உனக்கு ஒன்றும் தெரியாமல் போயிருக்கும். குருடன் பார்க்கவில்லை என்பதற்காகச் சூரியன் இல்லை என்று ஆகிவிடுமா? தெரியவில்லை என்று எழுதியிருக்கலாமே. இல்லை என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று உனக்குத் தெரியாதா?

இனி எனக்கு எழுதாதே. போனும் செய்யாதே.


மார்ச் 30

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். மச்சானிடம் பேசினேன். "அவ சரியா சாப்பிடறதில்லப்பா. மிஷின் முன்னாடி உக்காந்து துணியவே பாத்துட்டிருக்கா. எங்கிட்டயும் பேச்சில்ல" என்றார்.

வெல்டரைப் பார்த்து, அத்தனை பேரும் போதும் விடு என்று சொன்ன பிறகும் ஏன் விடவில்லை என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "மனசு வரலப்பா. அவ்வளவுதான்" என்றார். வேறு காரணம் இருக்கும் என்று துருவினேன். ஒன்றும் இல்லை. எனக்கு அது போதும் போலிருக்கிறது, அக்கா. வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

திட்டியாவது எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 16

தம்பி,

உட்கார்ந்து படி. உன் வீட்டுக்காரியையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

என் மார்பில் கட்டி இருக்கிறது. போன மழைக்காலத்தில் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பயந்துகொண்டு மறைத்தேன் என்று நினைக்காதே. சந்தோஷமாக இருந்தது. நானாகப் போனால் பாவம். தானாக வந்தால் யார் என்ன சொல்ல முடியும்? வாண்டுக்கு ஒரு கவுன்கூடத் தைக்க ஆரம்பித்தேன். எந்த வயதுக்குத் தைப்பது என்று தெரியாமல் பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

அப்போதுதான் அங்கே எதுவும் இல்லை என்று உன் கடிதம் வந்தது. அவள் சிரித்தாள் என்று நீ எழுதியிருந்தால், கட்டியை யாரிடமும் காட்டாமல் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

போன வாரம் அந்தக் கடிதத்தை உன் மச்சான் முன்னால் போட்டேன். படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் ஒருநாளும் நம்பினதில்ல. உனக்கு அந்த நம்பிக்கை வேணும்னுதான் வாயைத் தெறக்கல."

இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம்! அவள் எங்கேயும் இல்லை என்று நினைத்துக்கொண்டா இந்த மனுஷன் தினமும் பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்தார்?

"அப்புறம் எதுக்கு ராத்திரியானா வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நீ இருந்தியே" என்றார்.

தம்பி, நான் எங்கே இருந்தேன்? அவர் கையைப் பிடித்துக் கட்டியின் மேல் வைத்தேன். அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சட்டையைத் தேடினார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்தார். "இத்தனை மாசம் எங்கம்மா போயிருந்தீங்க?" என்றார். அறுவைசிகிச்சை அடுத்த வாரம் வியாழக்கிழமை. பிழைப்பேனா என்று கேட்டேன். "முயற்சி பண்ணுவோம்" என்றார். முகம் தெளிவாக இல்லை.

அங்கே அவள் இருக்கிறாளா, இல்லையா? எனக்கு இன்னும் தெரியாது. இருந்தால் கொஞ்சம் காத்திருக்கட்டும். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லை என்று சொன்னால் புரிந்துகொள்வாள். அவள் அப்பா செல்லம்.

நீ புதன்கிழமையே வந்துவிடு. அவர் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

பிழைக்க ஆசைப்படும்
அக்கா