அடுத்த ரயிலில் வந்தேன்

திங்கள் இரவு, ருவைஸ், அபுதாபி

செல்வியும் பாப்பாவும் ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்து பத்து நாளாகிறது. இன்று லீவு போட்டு, நண்பனின் காரை வாங்கிக்கொண்டு துபாய் போனோம். ஊருக்குள் பார்க்கிங் கிடைக்காது என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் ஒரு மெட்ரோ ஸ்டேஷனிலேயே காரை விட்டுவிட்டு ரயிலுக்குப் போனோம்.

நல்ல கூட்டம். செல்வி பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். நான் காலெடுத்து வைப்பதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்பாவின் முகம் நகர்ந்து போயிற்று. நிறுத்தச் சொல்லிக் கத்தலாமென்றால், அந்த ரயிலுக்கு டிரைவரே கிடையாது. செல்வியிடம் போன் இல்லை. தமிழ் தவிர வேறு பாஷையும் தெரியாது. மூடிய கதவுக்கு நேரே அப்படியே நின்றேன்.

சில நிமிடத்தில் அடுத்த ரயில் வந்தது, ஏறினேன். அடுத்த ஸ்டேஷனில் கதவு திறந்தபோது, நேர் எதிரே இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எப்படிடி சரியா இங்க வந்து நின்ன?"

"நாங்க எங்கயும் போகல, இறங்குன இடத்துலயே நின்னோம். பதட்டமானா நீங்களும் நின்ன இடத்தவிட்டு அசையமாட்டீங்க. அதே கதவுலதான வருவீங்க?"

"அம்மா அழவே இல்லப்பா," என்றாள் பாப்பா.

பிறகு வானத்தை முட்டும் கட்டடமெல்லாம் பார்த்தோம். நான் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருடம். லீவையெல்லாம் கூட்டினாலும் சேர்ந்திருந்தது ஒரு வருடம் தேறாது. பதற்றத்தில் நான் அசையாமல் நின்றுவிடுவேன் என்பது எனக்கே இன்றுதான் தெரியும். அவளுக்கு எப்போது தெரிந்ததோ.