பதினெட்டாயிரம் மைல், கூட ஏழாயிரம்

அன்பு மச்சான் ஏகாம்பரத்துக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை காலை, யாரையும் கலந்தாலோசிக்காமல், சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். என் வாழ்நாளில் நான் தனியாக எடுத்த பெரிய முடிவு அது. கல்யாணம்கூட, உன் தங்கையைக் கட்டிக்கொள் என்று நீ எடுத்ததுதான்.

காந்தம், மெக்கானிக்கான நீ சொன்னது. பழைய காரின் உடம்பில் அது எங்கே ஒட்டவில்லையோ, அங்கே துருவைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். மீட்டரைப் பார்க்காதே, பெடல் ரப்பரைப் பார் என்பதும் நீ சொன்னதுதான்.

நீ காமாலையில் போய் இரண்டு வருடமாகிறது. நான் ஸ்கூட்டருக்குப் பதிந்து ஆறு வருடமாகிறது. இரண்டிலும் மாற்றமில்லை. பெட்ரோல் விலை ஏறியதால் பொன்னேரி அரிசி மில்காரர் தன் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோழவரம் கார்ப் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த நாள் முதல் நாம் பேசிப் பேசி வைத்திருந்த கார் அல்லவா?

உன் தங்கை சரோஜா வேண்டாம் என்றாள். இப்போதெல்லாம் அவள் பொன்னேரிப் பேச்சையே எடுப்பதில்லை. நீ இருந்தவரை ஞாயிறுதோறும் அங்கே சித்தி வீட்டுக்குப் போவாள். சித்திக்குக் கண் சரியில்லை. நீ போன பிறகு கண் தேறிவிட்டது.

மில்காரரின் கார்க் கொட்டகைக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை தரகர் முனுசாமி பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், பொண்ணு பாக்கறவன்கூட ரெண்டு தபாதான் வருவான். மூணாவது தபா தாலியோட வருவான்."

மீட்டர் பதினெட்டாயிரம் மைல் காட்டியது. பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது. மில்காரர் தனியாகத்தான் போவாராம். ஆனால் பக்கத்து சீட்டின் ஸ்ப்ரிங் அமுங்கியிருந்தது. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது, எஞ்சினில் புகை இல்லை. பொய் சொல்லும் மீட்டரை வைத்துக்கொண்டு வண்டியை இவ்வளவு அக்கறையாக யார் பார்த்துக்கொண்டது?

ஓட்டிப் பார்த்தேன். வண்டி ஓடியது, மீட்டர் ஓடவில்லை.

"இப்பதான் சார் நின்னு கீது. காலையில கூட நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் முனுசாமி.

அடியில் படுத்துப் பார்த்தேன். மீட்டர் கேபிளை யாரோ கழற்றி, முனையில் துணி சுற்றி, சைக்கிள் டியூப் பட்டையால் இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்ச வாலை உள்ளே செருகியிருந்தார்கள். என் வீட்டுக் குழாய், என் சைக்கிள் கேரியர், உன் கண்ணாடியின் உடைந்த காது, எல்லாவற்றிலும் நீ போட்ட அந்த முடிச்சைத்தான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நேரம் அடியிலேயே படுத்திருந்தேன் என்று தெரியாது. "சார், உயிரோட கீறீங்களா?" என்று முனுசாமி குனிந்து கேட்டார்.

வீட்டில் சரோஜா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முடிச்சைப் பற்றிச் சொன்னேன். தலை நிமிரவில்லை.

"மீட்டர்ல எவ்ளோ காட்டுது?"

"பதினெட்டாயிரம்."

"இன்னொரு ஏழாயிரம் சேத்துக்கோங்க." ஒரு மீனை முடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "ரெண்டாவது கியரு அடம் புடிக்கும். மத்தபடி ஒண்ணுமில்ல. மாசாமாசம் ஆயில் மாத்திக்கினுதான் இருந்தோம்."

இருந்தோம் என்றாள், மச்சான்.

மில்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவாராம். சர்வீஸுக்கென்று சாவி உன்னிடம் இருந்ததாம். கேபிளைக் கழற்றிவிட்டுப் பழவேற்காடு வரைக்கும், சில நாள் சூலூர்ப்பேட்டை வரைக்கும். எந்தக் கடையில் டீ குடித்தீர்கள்? என்ன பேசிக்கொண்டு போனீர்கள்? அவள் சிரித்தாளா? இரண்டு வருடமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடலியே?"

"ரெண்டு சீட்டுதான கீது," என்றாள். பிறகு மீன் சட்டியை அடுப்பில் ஏற்றப் போனாள். திரும்பி வந்தபோது கேட்டாள்: "எப்ப எடுக்கப் போறீங்க?"

திங்கட்கிழமை எடுத்துவிட்டோம். மாதாமாதம் ஆயில் மாற்றுவேன் மச்சான், இது சத்தியம். கேபிளை மாட்ட மாட்டேன். அந்த முடிச்சு அப்படியே இருக்கும்.

ஓட்டுவதற்கும் நீ அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாய். சாவி அவளிடம் இருக்கிறது. நான் கும்மிடிப்பூண்டி வேலைக்கு ரயிலில் போய் வருகிறேன்.

உன் தங்கை வீட்டுக்காரன்,
சபாபதி
கவரைப்பேட்டை