பேஸ்மென்ட்டில் சேர்ந்த ஈரம்

எடிசன், நியூ ஜெர்சி
மேல் வீடு
ஆகஸ்ட் 4, 2024

அன்புள்ள உங்களுக்கு,

மேலே நலம். பதினான்கு படி இறங்கினால் பேஸ்மென்ட்டில் நீங்களும் நலமா என்று தெரிந்துவிடும். ஆனால் நானாக இறங்குவதில்லை என்று எனக்கும் ஒரு வீம்பு இருக்கிறது. பேசினால் குரல் ஏறுகிறது, எழுதிக்கொள்வோம் என்று சொன்னவர் நீங்கள். அதனால் வழக்கம்போல் இந்தக் காகிதம் மேல் படியில், சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில்.

ஒரு வாரமாகத் தயிர்சாதம் வைத்தது வைத்தபடி திரும்பி வருகிறது. முப்பது வருஷத்தில் தயிரில்லாமல் நீங்கள் கை கழுவி நான் பார்த்ததில்லை. கோபம் என்மேல் என்றால் என்னிடம் காட்டுங்கள், தயிர் என்ன பாவம் செய்தது? மார்ச்சில் நம் மகள் கயலின் கல்யாணத்துக்கு நீங்கள் வராததை நான் மறக்கவில்லை. தனியாகப் போய்விட்டு, இந்த நாட்டின் மேற்குக் கோடியிலிருக்கும் டப்ளினிலிருந்து திரும்பியதும் "என் கண்ணுலயே படாதீங்க" என்று நான் சொன்னதை நீங்களும் மறக்கவில்லை. அதற்காக யாரும் பட்டினி கிடக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மரகதம்


பேஸ்மென்ட்
ஆகஸ்ட் 6

அன்புள்ள மரகதத்துக்கு,

கோபமில்லை, பத்தியம். கொஞ்ச நாளாகவே கால் இரண்டும் ஈரச் சாக்கு கட்டியதுபோல் கனக்கிறது. எழுந்தால் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. நம் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் நார்மல் என்றார். ஆபீஸில் சேனாபதி விடவில்லை. அவன் முதுகுவலிக்குப் பார்க்கும் சீன வைத்தியம் செய்யும் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனான்.

அந்த அம்மா நாக்கை நீட்டச் சொன்னார். ஓரத்தில் பல் பதிந்திருக்கிறது, மேலே வெள்ளை படிந்திருக்கிறது, உடம்பில் ஈரம் சேர்ந்துவிட்டது என்றார். அவர்கள் வைத்தியத்தில் அப்படி ஒரு பேச்சு. ஐஸ் தண்ணீர், பச்சை சாலட், இனிப்பு, பால், தயிர் எல்லாவற்றுக்கும் தடை. சூடாக, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் உட்காராமல் நடக்க வேண்டும். தலை காயாமல் படுக்கக் கூடாது. மற்றதெல்லாம் போகட்டும், தயிர் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேனாபதி சிரித்தான்.

முடிந்தால் இஞ்சி தட்டிப்போட்டுப் பார்லிக் கஞ்சி வை. சிரமமென்றால் வேண்டாம்.

நஞ்சுண்டன்


மேல் வீடு
ஆகஸ்ட் 15

அன்புள்ள உங்களுக்கு,

ஓக் ட்ரீ ரோட்டில் பார்லி வாங்கி வந்து பத்து நாளாகக் கஞ்சியும் அரிசிம்பருப்புச் சாதமும் சுடச்சுட வைக்கிறேன். தட்டு காலியாக வருகிறது, சந்தோஷம். சாயங்காலம் நீங்கள் தெருவை ஒன்பது சுற்று சுற்றுகிறீர்கள். நான் ஜன்னலில் நின்று எண்ணவில்லை, பாத்திரம் கழுவும்போது கண்ணில் பட்டது.

ஆனால் இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன். நேற்று நீங்கள் ஆபீஸ் போனபின் வீம்பை விட்டுவிட்டுக் கீழே வந்தேன். கார்ப்பெட் பாதத்தில் சில்லென்று ஒட்டியது. உங்கள் தலையணையைத் தொட்டேன், அப்பளம்போல் நமுத்துக் கிடந்தது. நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்று அந்த அம்மா கேட்கவே இல்லையா?

மரகதம்


பேஸ்மென்ட்
ஆகஸ்ட் 16

அன்புள்ள மரகதத்துக்கு,

கேட்டார். முதல் கேள்வியே அதுதான். தரைக்குக் கீழே, ஈரமான அறையில் படுக்கிறாயா என்றார். பக்கத்தில் சேனாபதி உட்கார்ந்திருந்தான். மாடி அறையில், நல்ல வெயில் வரும் இடத்தில், மனைவியோடு என்று சொல்லிவிட்டேன். ஐந்து மாதமாகப் பேஸ்மென்ட்டில் கிடக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? பாவம், அவர் பழியைத் தூக்கித் தயிர்மேல் போட்டார். மானத்துக்காகத் தயிரைப் பறிகொடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மேலே வர எனக்கு வழி தெரியவில்லை. கல்யாணத்துக்குப் போகாதது தப்பு. நம்மைக் கேட்காமல் கயல் ஆர்யனை முடிவு செய்துவிட்டாள் என்று அன்றைக்கு ரோஷம். இப்போது ரோஷம் போய்விட்டது, வெட்கம் மட்டும் நிற்கிறது.

நஞ்சுண்டன்


மேல் வீடு
ஆகஸ்ட் 17, சனிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

படித்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் விற்கிறார்களே, அதை வாங்கிவிடலாம் என்று இன்று கடைவரை போனேன். தள்ளுவண்டியில் ஏற்றியும் விட்டேன். பிறகு இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அது வந்தால் நீங்கள் அங்கேயே சௌகரியமாக இருந்துவிடுவீர்கள்.

கண்ணில் படாதீங்க என்று சொன்னது நான். கோபத்தில் சொன்னேன், தப்பு. நீங்கள் இல்லாமல் மேலே எனக்கு நன்றாக இல்லை.

ஆனால் என்னிடமும் ஒரு பத்தியம் உண்டு. முதலில் கயலைக் கூப்பிடுங்கள். நான் போன் போட்டுக் கையில் தரமாட்டேன், நீங்களே கூப்பிட வேண்டும். நாளைக் காலை கோயிலுக்குப் போகிறேன். மத்தியானம்தான் வருவேன்.

மரகதம்


மேலே, சாப்பாட்டு மேஜை
ஆகஸ்ட் 18

அன்புள்ள மரகதத்துக்கு,

பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே எட்டு. எடுத்தது ஆர்யன். "அங்கிள்!" என்றவர், "ஹோல்ட் ஆன், ஹோல்ட் ஆன்" என்று வீடு முழுக்க ஓடுவது கேட்டது. கயல் வந்து, "அப்பா? ஆர் யூ ஓகே?" என்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன் சாமி" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "டிட் யூ ஈட், அப்பா?" என்றாள். உன் மகள்தான்.

கட்டிலில் என் பக்கம் முழுக்கத் துணியை மடித்து அடுக்கி வைத்திருந்தாய். எல்லாவற்றையும் எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். அடியில் கயலின் கல்யாண ஆல்பம் இருந்தது. நாலு பக்கம் பார்த்தேன், மீதியை உன்னோடு பார்க்கிறேன். தலையணையை வெயிலில் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் போக வேண்டும். எங்கே படுக்கிறாய் என்று கேட்டால் போன தடவை சொன்னதையே சொல்வேன்.

இதற்குப் பதில் எழுதாதே, மரகதம். வந்து பேசு. குரல் ஏறினால் ஏறட்டும்.

உன்,
நஞ்சுண்டன்