சாவுப் பாட்டு

மார்ச் 12, செவ்வாய்

ஒத்திகை. எங்கள் பாட்டுக் குழுவை நடத்தும் வெள்ளைக்காரன் டேமியன் இன்றும் விடவில்லை. அவன் பாட்டுச் சமையல் எப்போதும் ஒன்றுதான்: ஒரு கை சமஸ்கிருத நாமாவளி, ஒரு கை தேவாலயப் பாட்டு, மேளக்காரன் சஹ்னானின் நபி புகழ், அடியில் அவனுடைய கிதார். இப்போது என் சாவுப் பாட்டும் வேண்டுமாம். போன வாரம் எதிர்வீட்டுக் கிழவர் இறந்தார். அங்கே பாடியதை ஒத்திகை நடுவே வாய் தானாக முணுமுணுத்தது. அதைக் கேட்டுவிட்டான்.

“அது பொணத்தைக் குளிப்பாட்டுறப்ப பாடுறது” என்றேன்.

“சாவுங்கிறது பெரிய விடுதலை, கெர்த்தி.”

பாலிக்கு, எங்கள் உபுத் ஊருக்கு அவன் வந்து ஒன்பது வருஷம். ஒரு பிணத்தையாவது தொட்டுத் தூக்கியிருப்பானா?

மார்ச் 15

முடியாது என்று சொல்லிவிட்டேன். “சரி சரி” என்றான். இவ்வளவு சீக்கிரம் அடங்குகிறவன் இல்லையே.

மார்ச் 24, ஞாயிறு



சித்தி மகள் முர்னி, ஓட்டல் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து நின்றாள். அங்கே வெள்ளைக்காரக் கல்யாணமாம், டேமியன் கிதாராம். “அக்கா, பொண்ணு பூவைப் புடிச்சுக்கிட்டு நடந்து வருது, ஸ்பீக்கர்ல உன் குரல் பொணம் குளிப்பாட்டுது! நாங்க அத்தனை பேரும் தட்டை வச்சுட்டு வெளிய வந்துட்டோம்.”

ஒத்திகையில் எனக்குத் தெரியாமல் பதிவு செய்திருக்கிறான்! நாய்!

சாயங்காலமே கோயில் பாட்டுக் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். திட்டவில்லை. “இந்தத் திருவிழாவுக்கு நீ பாட வேண்டாம் கெர்த்தி.” அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 26

போய்க் கேட்டேன்.

“அழகா இருந்துச்சு. பொண்ணோட அம்மா அழுதாங்க” என்கிறான்.

“கேக்காம எடுத்தியே?”

“பாட்டு எல்லாருக்கும் சொந்தம்.”

“அப்ப உன் கிதாரைக் குடு, நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

சிரித்தான். சஹ்னான் சிரிக்கவில்லை, தன் மேளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது வேண்டாம்னா வேற ஏதாவது பழசு சொல்லிக்குடு” என்றான் டேமியன். சொல்லிக்கொடுத்தேன். சேவல் சண்டையில் தோற்றவனைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் கத்துவது: தோத்த சேவலே, எங்க சட்டிக்கு வா. மழைக்கான மந்திரம் என்றேன். பயபக்தியோடு எழுதிக்கொண்டான்.

ஏப்ரல் 5, வெள்ளி

யோகா மண்டபம் நிரம்பி வழிந்தது. டேமியன் கண்ணை மூடி, குரலைக் குழைத்து, சேவலைச் சட்டிக்கு அழைத்தான். சமையற்கட்டில் ஒரு பாத்திரம் விழுந்தது. பரிமாறுகிற பையன்கள் தூணுக்குப் பின்னால் குலுங்கினார்கள். நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் பார்த்தேன். முன்வரிசையில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். பிறகு அவள் பக்கத்தில் இன்னொருத்தி. மண்டபமே கூடச் சேர்ந்து பாடியது.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏப்ரல் 6

யாரோ அவனிடம் அர்த்தத்தைச் சொல்லிவிட்டார்கள். கத்துவான் என்று தயாராகப் போனேன். கத்தவில்லை. “அந்தப் பாட்டை நிறுத்த மாட்டேன். நீ சிரிச்சே, அவங்க அழுதாங்க. எனக்கு அது போதும்.”

இவனை என்ன செய்வது? பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது பின்னால் காலடிச் சத்தம். சஹ்னான், மேளத்தோடு.

“எங்க போறோம்?”

“தெரியல.”

“அப்ப மெதுவா போ. மேளம் கனமா இருக்கு.”

ஏப்ரல் 20

திருவிழா. கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 9, வியாழன்

காலையில் ஒரு போன். என் இடத்தில் டேமியன் சேர்த்திருக்கும் ஜாவாக்காரி, சுரபாயா ஊர்ப் பெண், ரத்ரி. “அக்கா, எனக்கு பாலி பாஷை தெரியாது. அந்த மழை மந்திரத்துக்கு என்ன அர்த்தம்? அவர்கிட்ட கேட்டா, உணர்ந்தா போதுங்கிறார்.”

அவனுக்குத் தெரிந்தும் இவளிடம் சொல்லவில்லை. மழை என்றே நானும் சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். உள்ளதைச் சொன்னேன். அவள் மெல்ல, “மூணு வாரமா அதைப் பாடிட்டிருக்கேன்க்கா. நீங்களும் சஹ்னான் அண்ணனும் தனியா பாடுறீங்களாமே. ஆள் வேணுமா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “வா, பாக்கலாம்” என்று வந்துவிட்டது.

மத்தியானம் வந்தாள். ஜாவாத் தாலாட்டு ஒன்று பாடினாள். பாதியில் சஹ்னான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

என்னைவிட நன்றாகப் பாடுகிறாள். எரிச்சலாக இருக்கிறது. நாளையும் வரச் சொல்லியிருக்கிறேன்.