மாப்பிள்ளையின் பெயருக்கு விட்ட இடம்

என் அப்பா,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. கல்லறைக்கு முன்னால் நின்று கதைப்பது எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். அம்மா கதைப்பார், நான் பூவை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். ஆனால் வீட்டைப் பற்றி ஒரு சேதி இருக்கிறது. அதை எனக்கு எழுதித்தான் சொல்லத் தெரியும்.

நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் கோபிப்பீர்கள். வீட்டு விஷயம் வெளியில் போகக் கூடாது என்பீர்கள். நம் வீட்டு விஷயங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகவில்லையே அப்பா.

துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவர் நீங்கள். காஸ் சிலிண்டர் மாற்றிய திகதியைக்கூடக் கலண்டரில் குறிப்பீர்கள். ஆகவே அலுமாரியில் வீடு யாருக்கு என்று எழுதிய மரண சாசனம் இருக்கும் என்றே நானும் அம்மாவும் நினைத்தோம். இருந்தது உங்கள் பெயரில் உள்ள வீட்டு உறுதிப் பத்திரமும், வெள்ளவத்தை நொத்தாரிஸ் ஒருவரின் விலாசம் எழுதிய உறையும்தான்.

அந்த நொத்தாரிஸும் இப்போது இல்லை. அவரிடம் வேலை பழகிய பெண் நொத்தாரிஸ் கந்தோரை நடத்துகிறார். அவர் பழைய கோவை ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். உள்ளே தட்டச்சுச் செய்த ஓர் உறுதி. கொட்டாஞ்சேனை வீடு முழுவதையும் உங்கள் மகள் ஜெசிந்தாவுக்குச் சீதனமாகக் கொடுக்கிறீர்கள், அவர் “……………… என்பவரை விவாகம் செய்வதை முன்னிட்டு.” புள்ளிக்கோடு, மாப்பிள்ளையின் பெயருக்கு விட்ட இடம். கீழே கையெழுத்து இல்லை.

யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கோட்டில் பென்சிலால் இரண்டு பெயர்கள் எழுதி அழிக்கப்பட்டிருந்தன. இரண்டும் எனக்குப் பேசிவந்த மாப்பிள்ளைகள். ஒருவர் நீர்கொழும்பு வங்கிக்காரர். மற்றவரை எனக்கே மறந்துவிட்டது.

“இது செல்லுமா?” என்று கேட்டேன்.

“சைன் இல்லாட்டி இது வெறும் தாள் மிஸ். எழுதாமப் போனா சட்டமே பிரிச்சிடும். பாதி அம்மாக்கு. மத்தப் பாதி பிள்ளையள் ரெண்டு பேருக்கும் சமமா.”

“அப்ப தம்பிக்குக் கால் பங்கு.”

“ஓம். வித்துப் பிரிக்கச் சொல்லியும் அவர் கேக்கலாம்.”

அந்த வாக்கியத்தோடுதான் நான் பஸ் ஏறினேன். நம் ஒழுங்கையில் இரண்டு வீடுகளை இடித்து மாடி கட்டுகிறார்கள். நம் வீட்டையும் விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். எண்பதை நெருங்கும் அம்மாவை நான் எங்கே கூட்டிப்போவேன்? தம்பி நிரோஷன் டொரொன்டோ போய் இருபது வருடம். அவனுக்கும் குடும்பம், தேவைகள்.

நான் அவனைச் சந்தேகித்தேன் அப்பா. அந்தத் தாளையும் அவனிடம் மறைத்தேன். அதில் ஓரிடத்திலும் அவன் பெயர் இல்லை. அப்பா என்னை நினைக்கவேயில்லை என்று அவனுக்குத் தோன்றிவிட்டால்? ஆகவே வாட்ஸ்அப்பில் அங்கத்தைய பனியைப் பற்றியும் அம்மாவின் முழங்காலைப் பற்றியும் கதைத்தோம்.

மரண சாசனம் இல்லாததால் நீதிமன்றத்துக்குப் போனோம். பத்திரிகையில் அறிவித்தல் போட்டு, தவணைக்குத் தவணை நடந்து, ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. போன மாதம் அது முடிந்ததும் தம்பி லீவில் வந்தான். வந்த இரண்டாம் நாள் காலை, பாணுக்கும் பருப்புக்கும் நடுவில் அந்தத் தாளை மேசையில் வைத்தேன். எதிர்ப்பேச்சுக்குப் பதில்கள் தயாராக இருந்தன.

அவன் இரண்டு தரம் வாசித்தான். புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்தான்.

“அப்பா இத சைன் பண்ணவே இல்லையா?”

“இல்ல.”

“நான் கனடா போகேக்க எயார்போட்டில வச்சு எனக்குச் சொன்னவர், வீடு அக்காக்கு, நீ பிறகு பங்கு கேக்கப்படாது எண்டு. எழுதிட்டார் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான். கேஸ் எண்டு நீ சொன்னதும் சும்மா ஃபோமாலிட்டியாக்கும் எண்டு விட்டுட்டன்.”

“நீ ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“நீ ஏன் கேக்கேல்ல? கேட்டா மகாராணி குறைஞ்சு போயிடுவாவோ?”

குசினிக்குள்ளிருந்து அம்மா சொன்னார்: “ரெண்டும் அப்படியே அப்பன். வாயத் திறந்தா முத்துக் கொட்டிடும்.”

அடுத்த கிழமை மூன்று பேரும் வெள்ளவத்தைக்குப் போனோம். தம்பி தன் கால் பங்கையும் அம்மா தன் பாதியையும் எனக்கு நன்கொடையாக எழுதினார்கள். அம்மாவுக்குச் சீவிய உரித்து உண்டு என்று நொத்தாரிஸ் விளங்கப்படுத்தினார்.

“எண்டா, நான் இருக்கும் மட்டும் என்னைய ஒருத்தரும் எழுப்பேலாதோ?”

“ஏலாது அம்மா. உங்கட மகளாலயும் ஏலாது.”

“அப்ப ஜெசி, என்ர பிரிஜ்ஜ மாத்திற கதைய விடு.”

“நான் வந்தாத் தங்க ஒரு அறை எண்டும் போட்டு விடுங்கோ மிஸ்” என்றான் தம்பி.

“அதுக்கு உறுதி தேவல்ல. அக்காட்ட ஒரு சாவி வாங்குங்கோ.”

பிறகு அவர் உறுதியை உரத்து வாசித்தார். “இயல்பான அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு” என்ற இடத்தில் நான் அவரை நிறுத்தினேன். இது யார் போட்டது என்று கேட்டேன். எல்லா நன்கொடை உறுதியிலும் வருகிற வசனம்தான், கொடுப்பதற்கு ஒரு காரணம் எழுத வேண்டுமே என்றார். வழமையான வசனங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

நீங்கள் கலியாணம் என்ற காரணத்துக்காகக் காத்திருந்தீர்கள். இந்தக் காரணம் அப்போதும் இருந்ததுதானே? இதுவே போதும் என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா? அல்லது, கலியாணமாகாத மகளுக்கு வீட்டை எழுதினால், இனி ஆகாது என்று நீங்களே கையெழுத்து வைத்தது போலாகிவிடும் என்று பயந்தீர்களா? இரண்டாவது பெயரை அழித்த பிறகும் நீங்கள் தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை. நான் எப்போதோ கைவிட்ட ஒன்றை எனக்காக நீங்கள் மட்டும் வைத்திருந்தீர்கள். அதற்காகக் கோபப்படுவதா என்று இன்னும் தெரியவில்லை.

உறுதி பதிவாகிவிட்டது. தம்பி திரும்பிப் போய்விட்டான். வாசல் சாவி ஒன்று இப்போது டொரொன்டோவில் இருக்கிறது. முன்னைப் போலல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் பனியை விட்டு மற்றக் கதைகளும் கதைக்கிறோம்.

வருகிற செவ்வாய் நான் மறுபடி வெள்ளவத்தைக்குப் போகிறேன். இந்த முறை என் மரண சாசனம். எனக்குப் பிறகு வீடு தம்பியின் மகள் மெலனிக்கு. அவள் யாரைக் கட்டுவாள், கட்டுவாளா என்பதெல்லாம் அந்தத் தாளுக்கு வேண்டாத விஷயம். புள்ளிக்கோடு எதுவும் விடமாட்டேன் அப்பா. எழுதியதை அன்றைக்கே அவளுக்கும் அவள் தகப்பனுக்கும் வாயைத் திறந்து சொல்லிவிடுவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் தாளைப் புது உறுதியோடு அதே உறையில் வைத்திருக்கிறேன். பென்சில் பெயர்கள் இரண்டும் அழிந்துவிட்டன. தட்டச்சில் உள்ள பெயர் அப்படியே இருக்கிறது.

அந்தப் பெயருக்குரிய உங்கள் மகள்,
ஜெசிந்தா