எதிர்வீட்டு வாசலில் போட்ட கோலம்

ஜனவரி 22, புதன்

நாளை நம் தெருவில் ஷூட்டிங்! கை நிலையில் இல்லை. லேபில் இன்று ஒருவர் ரத்தத்துக்கு இன்னொருவர் பெயரை ஒட்டப் பார்த்தேன். கூட வேலை பார்க்கும் ஜீனத்தான் கையைப் பிடித்துத் தடுத்தாள். "உங்க தம்பி படம் வர்றதுக்குள்ள யாருக்காவது இல்லாத சர்க்கரையை வர வெச்சுடுவீங்க போல" என்றாள்.

தம்பி மதுவின் கதை. டைரக்டர் வேறு ஆள். ஆனால் துப்பறியும் கதை முழுக்க மது எழுதியது. பெங்களூர் வேலையை விட்டு மூன்று வருடம் சென்னையில் அலைந்ததற்குக் கிடைத்தது. அப்பா மட்டும் இன்னும் அதே பேச்சு: "ஒரு படம். அது ஓடலைன்னா பெங்களூர்." அவனும் சரி என்று தலையாட்டியிருக்கிறான். ஓடாமல் என்ன? ஓடும்.

ஜனவரி 23, வியாழன்

எதிர்வீடுதான் கதையில் கொலைகாரன் வீடு. பூட்டிக் கிடந்த வீட்டை வெள்ளையடித்து ஜொலிக்க வைத்துவிட்டார்கள். வாசலில் கோலம் போடும் வேலை எனக்கு.

"சின்னதாப் போடுக்கா. ஒரு ஓரமா, கண்ணுல படாத மாதிரி" என்றான் மது. ஏன் என்று கேட்டால் படத்தில் பார் என்கிறான்.

சின்னதாம்! திரையில் என் கோலம் வரப் போகிறது, அதைச் சின்னதாகப் போடுவேனா? நாலரை மணிக்கே எழுந்து வாசல் அடைத்துப் படிக்கோலம் போட்டேன். சுற்றிக் காவியும் இட்டேன். விடிந்ததும் டைரக்டர் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கேமராவை மேலே பறக்கவிட்டுக் கோலத்தை மட்டுமே எடுத்தார்கள்.

மது தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். "நீ இருக்கியே..." என்று ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டான். பொறாமைதான், வேறென்ன.

ஜனவரி 24, வெள்ளி

முழங்கால் வலி. பரவாயில்லை.

ஜூலை 14, திங்கள்

வெள்ளிக்கிழமை ரிலீஸ்! இன்று வந்த டிரைலரில் இரண்டு விநாடி என் கோலம். பதினேழு தடவை பார்த்தேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்குக்கூடக் காட்டினேன். பாவம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்ததும் தப்பித்தோம் என்று இறங்கிப் போனாள்.

ஜூலை 17, வியாழன்

அப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டார்! கேட்டதற்கு, "தெருவே போறது, நான் மட்டும் ஆத்துல உக்காந்திருந்தா நன்னாவா இருக்கும்" என்றார். ஆனால் வேஷ்டியை அவரே இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். பார்த்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

எப்படி எழுதுவேன்.

மெயின்கார்டு கேட் தியேட்டர். காலைக் காட்சி. பாதிக் கூட்டம் எங்கள் தெரு. பெயர் போட்டு முடிந்ததும் முதல் காட்சியே என் கோலம்தான், திரை முழுக்க! 'கொலை நடந்த நாள், காலை 6.40' என்று எழுத்து வேறு. எல்லோரும் கைதட்டினார்கள். ஜீனத் என் தோளைக் கிள்ளினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. துப்பறிகிறவர் அந்த வீட்டுக்காரனை விசாரிக்கிறார். அவன் சொல்கிறான்: "அன்னைக்கு எங்கப்பாவுக்குத் திவசம். காலைலேருந்து வாசப்படி தாண்டலை."

 பின்னால் இருந்து செண்பகவல்லி மாமி குரல்: "திவசத்தன்னிக்கு எவடி வாசல்ல கோலம் போட்டா?" அவ்வளவுதான். தெரு மொத்தமும் சிரித்தது. பொய் சொல்கிறான், இவன்தான் கொலைகாரன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. துப்பறிகிறவருக்கு மட்டும் தெரியவில்லை! இரண்டரை மணி நேரம் சிகரெட் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார். கடைசியில் செல்போன் டவரை வைத்துக் கண்டுபிடித்து, ஏதோ குடோனில் இருபது பேரை அடிக்கிறார். கோலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

திவசத்தன்று கோலம் போடாத வழக்கம் ஜீனத்துக்குத் தெரியாது. எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டாள். படத்தைப் பார் என்று திரையைக் காட்டினேன். அந்தத் தியேட்டரில் கடைசிவரை பதறிப் பதறிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

ஐயோ, ஓரமாப் போடுன்னு சொன்னானே. சொன்னானே! என் பவிசைக் காட்டணும்னு வாசல் அடைச்சுப் போட்டேனே. என்னால போச்சே அவன் மூணு வருஷம். அப்பா வந்ததும் அந்த இஸ்திரி வேஷ்டியைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டார்.

ஜூலை 19, சனி

எல்லா விமர்சனமும் ஒன்றுபோல: முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. மது போனை எடுக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மத்தியானம் மது சென்னையிலிருந்து வந்து நின்றான். தாடி. நான் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னான்: அவன் எழுதிய முடிவே கோலம்தானாம். அந்தக் காலையில் பக்கத்து வீட்டார் எடுத்த போட்டோவில், மூலையில் துளிக் கோலம் தெரியும். திவசம் என்று சொன்னானே என்று துப்பறிகிறவர் அதில் பிடிப்பார். மார்ச் மாதமே அது புரியாது என்று சொல்லி வெட்டிவிட்டுச் சண்டைக் காட்சியை வைத்துவிட்டார்களாம். "உன் கோலம் இல்லேன்னாலும் படம் ஊத்திண்டுதான் இருக்கும். விடுக்கா."

பிறகு அப்பா முன்னால் போய் நின்றான். "பெங்களூர்ல பேசிட்டேன்பா. செப்டம்பர்லேருந்து வரச் சொல்லிருக்கா."

அப்பா பேப்பரை மடித்தார்.  சாதாரணமாகத்தான் கேட்டார்: "அந்தக் கோலத்தைப் பாத்ததும், கடைசில அதை வெச்சுதான் பிடிக்கப் போறார்னு உக்காந்திருந்தேன். நீ எழுதினது அப்படித்தானே?"

மது அவரையே பார்த்தான். உள்ளே போய்ப் பையிலிருந்து கதை எழுதிய காகிதக் கட்டை எடுத்து வந்து கொடுத்தான்.

ஜூலை 21, திங்கள்

அப்பா படித்து முடித்துவிட்டார்! கணக்கு வாத்தியார் புத்தி போகுமா, காபி குடிக்கும்போதே ஓட்டை கண்டுபிடித்தார். போட்டோவில் இருப்பது முதல் நாள் போட்ட கோலமாக இருக்கலாமே? துடைக்க மறந்தோம் என்று கொலைகாரன் சொன்னால் என்ன செய்வாய்? மதுவுக்கு முகம் விழுந்துவிட்டது.

தோசைக் கரண்டியோடு ஓடி வந்தேன் நான். காவி! ஈரக் காவி கறுத்துச் சிவந்திருக்கும், வெயில் ஏறினால் வெளுத்துவிடும். போட்டோவில் காவி ஈரமாக இருந்தால் அது அன்றைக்குக் காலையில் போட்ட கோலம்தான்!

மது எழுந்து என் தலையில் முத்தமே கொடுத்துவிட்டான். அப்பா, "இதை அந்த டைரக்டருக்குச் சொல்லாதே" என்றார். தோசை தீய்ந்துவிட்டது. மூவரும் தீய்ந்ததையே சாப்பிட்டோம். லேபுக்கு ஒரு மணி நேரம் லேட்.

ஜூலை 25, வெள்ளி

நம் ஊர்த் தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். வீட்டில் யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை. கதையில் கொலையை மலைக்கோட்டை அடிவாரத்து நகைக்கடைக்கு மாற்றலாமா என்று அப்பாவும் மகனும் சண்டை.

ஆகஸ்ட் 11, திங்கள்

அம்மா திவசம். வாசலில் தண்ணீர் தெளித்ததோடு சரி.

காலையில் மது வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவின் முதல் திவசத்தன்று அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஏன் கோலம் போடவில்லை என்று என்னைக் கேட்டானாம், நான் அழுதேனாம். எனக்கு நினைவில்லை. கதை அங்கே தொடங்கியது என்றான்.

போன வருடம் சாப்பிட்டு எழுந்ததும் அப்பாவிடம் சொல்லாமலே பஸ் ஏறியவன். இன்று சாப்பாடு முடிந்து கூடத்தில் படுத்திருந்தவனிடம், பெங்களூர்க்காரனுக்கு என்ன பதில் சொன்னாய் என்று அப்பா கேட்டார். இன்னும் சொல்லவில்லை என்றான். செப்டம்பர் வந்துவிடுமே என்று எனக்குப் பதறியது.

"வரலைன்னு சொல்லிடு" என்றார் அப்பா. "ஒரு படம்னுதானே சொன்னேன். அது உன் படம் இல்லையே."

மது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு அவனுக்குச் சென்னை பஸ். நாலரைக்கு எழுந்துகொள்ள வேண்டும். வாசல் அடைத்துப் போடப் போகிறேன், காவியோடு.