ஹீட்டரும் கெட்டிலும்

அக்டோபர் 11

குளிர்காலம் முழுக்கக் குடியிருக்கப்போகும் கேம்பர் வண்டியின் அடிப்பக்கத்தை மூடி முடித்தேன். சக்கரங்களைச் சுற்றி நுரைப்பலகை, அதற்கு வெளியே வைக்கோல் கட்டுகள். கட்டுகளை எதிர்ப்பண்ணை வேய்ன் டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினான். இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தான்.

"முட்டையை வைக்கோல்ல பொதிஞ்சு வெச்ச மாதிரி இருக்கு டார்லீன். முட்டை உடையாம இருக்கணும்."

"அறுபது வருஷமா உடையல."

"அறுபது வருஷமா நீ கேம்பர்ல இருந்ததில்ல."

என் தம்பி மைரனிடமிருந்து முன்பு சேதி கொண்டுவந்ததும் அவன்தான். தன் பண்ணைப் பாதையின் கடைசியில் கேம்பரை நிறுத்திக்கொள்ளலாம். மின்சாரம் பட்டறையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் வரவேண்டாம்.

ஆறு வருடம் முன்பு அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தது நான். அம்மா அங்கே ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. அன்றோடு மைரன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். அடுப்பை அணைக்காமல் இரண்டு முறை தூங்கிப்போனவள் அம்மா. இன்றைக்கு என்றாலும் நான் அதைத்தான் செய்வேன்.

ரெஜைனா நகரத்தில் வாடகைக்குக் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டார்கள், வசந்தம் வரை நிறுத்த ஒரு இடம் வேண்டும் என்றுதான் வேய்னிடம் சொல்லியனுப்பினேன். இடம் வேறு எங்கும் கிடைத்திருக்கும்.

அக்டோபர் 19

தண்ணீர்க் குழாயில் சூடாக்கும் கம்பியைச் சுற்றி, மேலே நுரை உறை போட்டேன். கழிவுத் தொட்டியின் வால்வை மூடியே வைக்க வேண்டும். திறந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டி ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொண்டது.

குழாய் வேலையில் இருந்தபோது மைரனின் வண்டி கடந்து போனது. இந்தப் பக்கத்தில் எதிரே யார் வந்தாலும் வணக்கமாக ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். முன்பின் தெரியாத லாரிக்காரனுக்கும் தூக்குவார்கள். அவன் விரல் அசையவில்லை.

நவம்பர் 2

பனி. யாரோடும் பேசவில்லை.

நவம்பர் 9

ஹீட்டர் ஓடும்போது கெட்டிலைப் போட்டேன். எல்லாம் அணைந்தது. பட்டறையில் டிரிப்பர் விழுந்திருக்கும், போய்த் தூக்கிவிட வேண்டும். கோட்டைத் தேடி மாட்டி, ஒரு பூட்ஸில் கால் நுழைத்தபோது மின்சாரம் வந்துவிட்டது.

மைரன் பட்டறையில் இருந்திருக்கிறான். அவன் விளக்கும் சேர்ந்து போயிருக்கும், அதனால் தூக்கிவிட்டிருக்கிறான். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

நவம்பர் 23

மைனஸ் 24. ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் கெட்டிலைப் போடுகிறேன். டிரிப்பர் அதற்குப் பிறகு விழவே இல்லை. வேய்ன் வரவில்லை. ரேடியோக்காரரின் குரல்தான் பேச்சுத்துணை.

சாயங்காலம் பட்டறை ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டேன் — தெரிந்தேதான். இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. "தேங்க்ஸ்டா" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் சொல்கிறேன்? வெட்கமாகிவிட்டது.

நவம்பர் 28

இன்றும் போட்டேன்.

டிசம்பர் 4

வேய்ன் வந்தான். முகத்தில் அடக்கிய சிரிப்பு.

"மைரன் கேக்கச் சொன்னான். 'அவளுக்கு மூளை உறைஞ்சு போச்சா? ரெண்டையும் ஒண்ணா போடக்கூடாதுன்னு தெரியாதா?' அவன் சொன்னதை அப்படியே சொல்றேன், என்மேல பாயாத."

"தெரியும்னு சொல்லு."

"தெரிஞ்சேவா போடற?"

கெட்டிலின் மூடியைத் திறந்து மூடினேன். அவன் சிரிப்பு போய்விட்டது. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"இந்தா தெரியுது வீடு. போய்க் கதவைத் தட்டேன்."

"வராதேன்னு சொன்னது அவன்."

"உங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் கழுத்து திரும்பாது. உங்கப்பன்ல இருந்து அப்படித்தான்."

டிசம்பர் 17

மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். அடியெல்லாம் ஈரம். சுவரோரம் பனிக்கட்டியாகி ஒட்டிக்கிடந்தது. குளிருக்குப் பயந்து கூரைத் துவாரத்தை முழுக்க அடைத்தது என் தப்பு. மூச்சு போக வழியில்லை. ஒருத்தி மூச்சு விட்டதற்கே இத்தனை தண்ணீர். மரச்சட்டம் அடுக்கி மெத்தையை உயர்த்தினேன், துவாரத்தை ஒரு விரல் அளவு திறந்தேன்.

ஜனவரி 3

மைனஸ் 38. கேம்பரைச் சூடாக்கும் கேஸ் அடுப்பு தடுமாறுகிறது. சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, இந்தக் குளிரில் வெளியே வரமாட்டேன் என்கிறது. வேய்ன் மகள் வீட்டுக்கு சாஸ்கட்டூன் போய்விட்டான். பட்டறையில் வெளிச்சம் இல்லை. பழைய நாட்காட்டிப்படி எங்கள் கிறிஸ்துமஸ் ஏழாம் தேதி. மைரன் வீட்டுக்குள் சமைத்துக்கொண்டிருப்பான்.

ஜனவரி 7

நேற்று மைனஸ் 41. கேஸ் அடியோடு நின்றது. ஒரு ஹீட்டர் போதவில்லை. இன்னொன்றை எடுத்துப் போட்டேன், டிரிப்பர் விழுந்தது. பட்டறைக்குப் போய் டிரிப்பரைத் தூக்கினேன். கையை எடுப்பதற்குள் விழுந்தது. திரும்பி வந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போய்த் தூக்கினேன். அப்போதும் விழுந்தது. தேய்ந்து போய்விட்டது. தேய வைத்தது நான். கேம்பரை இழுத்துவந்த என் வண்டியும் கிளம்பவில்லை.

வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மைரன் திறந்தான். நல்ல சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டியிருந்தான். வயதாகிவிட்டது அவனுக்கு.

"விழுந்துடுச்சா?"

"நிக்கவே மாட்டேங்குது."

"கதவைச் சாத்து. சூடெல்லாம் வெளிய போகுது."

எந்தப் பக்கம் நின்று சாத்துவது என்று தெரியாமல் நின்றேன்.

"உள்ள வந்து சாத்து, மடச்சி."

மேசையில் இரண்டு தட்டுகள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இந்த ராத்திரியில் இறந்தவருக்கென்று ஒரு தட்டு வைப்பது எங்கள் வழக்கம். மறந்துபோய் அதன் முன்னால் நாற்காலியை இழுத்தேன்.

"அது அம்மாவுது. உனக்கு அலமாரியில இருக்கு."

போய் எடுத்துவந்தேன். தேனும் கசகசாவும் கலந்த கோதுமையை மூன்று தட்டிலும் வைத்தான். அம்மாவைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பீட்ரூட் சூப்பைக் குடித்து முடித்தபிறகு சொன்னான்:

"வடக்குப் பக்கம் வைக்கோலை ரெண்டு அடுக்கா வெச்சிருக்கணும்."

"ஒண்ணு போதும்னு வேய்ன் சொன்னான்."

"வேய்னுக்கு என்ன தெரியும்? அவன் குதிரையே இருமிட்டுக் கெடக்கு."

சோபாவில் போர்வை போட்டுக் கொடுத்தான்.

ஜனவரி 10

குளிர் கொஞ்சம் தணிந்திருக்கிறது, கேஸ் வருகிறது. மைரன் புது டிரிப்பர் வாங்கி மாட்டினான். கேம்பருக்குத் திரும்பிவிட்டேன். "கிளம்பறியா?" என்று கேட்டான். இரு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 15

மைரன் பட்டறையிலிருந்து எனக்கென்று தனியாக ஒரு தடித்த வயர் இழுத்துக் கொடுத்தான். தனி டிரிப்பர். கையுறையைக் கடித்துக் கழற்றியபடியே, "இனி எதை வேணா ஒண்ணா போடு. விழாது," என்றான். போய்விட்டான்.

சாயங்காலம் இரண்டையும் போட்டேன். விழவில்லை. பட்டறையில் அவன் விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. கேம்பர் நல்ல கதகதப்பு. தண்ணீர் கொதித்தது.

கோட்டை மாட்டிக்கொண்டு, கெட்டிலையும் இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவன் பெஞ்சிலிருந்த சாமான்களை ஒதுக்கினான்.

கெட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் — தெரிந்தேதான்.